உங்களுக்குத் தெரியுமா? பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கேட்கும் ஆராய்ச்சியாளரும் பின்னணிச் சோதனையும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பையன் போஸ்ட்-டாக் முடிச்சுட்டான், பி.ஆருக்குப் போட்டிருக்கான். பேக்ரவுண்ட் செக் இன்னும் முடியலையாம்." சொல்லும்போதே அந்த அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும், மகன் ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல. அப்படிக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த வாரத் துணுக்குகள்.

● பின்னணிச் சோதனை என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. போலீஸ் வழக்கு ஏதும் உண்டா என்பது முதலாவது. நாட்டின் பாதுகாப்புக்கு இவரால் ஆபத்து உண்டா என்று உளவு அமைப்புகளின் பதிவுகளில் தேடுவது இரண்டாவது. இந்த இரண்டும் விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் உண்டு. மூன்றாவதுதான் ஆராய்ச்சியாளரைத் தனியாகப் பிடித்து நிறுத்துகிறது: இவருக்கு என்ன தெரியும், அதை எங்கே கற்றார், அந்த அறிவு ஆயுதத்துக்குப் பயன்படுமா? அண்ணன் சாப்ட்வேர் கம்பெனியில், தம்பி லேபில் என்றால், ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் காத்திருப்பு வேறு வேறாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

● தென்சென்னையில் இந்தக் கேள்வி அதிகம் எழுவது இயல்புதான். சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியது, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம், கிண்டியில் ஐ.ஐ.டி., தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கடலோரமாகத் தெற்கே போனால் கல்பாக்கம். விமானம், அணு, ஆழ்கடல், வேதியியல் என்று வெளிநாட்டு அதிகாரிகள் கூர்ந்து பார்க்கும் துறைகளில் பெரும்பாலானவை ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

● இந்தச் சோதனை பி.ஆருக்கு முன்பே, விசா கேட்கும்போதே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை, விசா அதிகாரிகளுக்காக 'டெக்னாலஜி அலர்ட் லிஸ்ட்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அணு, ராக்கெட், நவீன உலோகக் கலவை, ரோபாட்டிக்ஸ் எல்லாம் அதில் இருந்தது வியப்பில்லை. 2002-ல் வந்த பட்டியலில் நகரத் திட்டமிடல் என்ற தலைப்பின் கீழ் கட்டடக்கலை, சிவில் இன்ஜினீயரிங், புவியியல், தோட்ட வடிவமைப்பு வரை சேர்த்திருந்தார்கள். ஏரி எங்கே நிரம்புகிறது, வெள்ளம் எந்தத் தெருவில் புகுகிறது என்று ஆராயும் ஒருவரும் அந்தத் தலைப்புக்குள் வந்துவிடுவார். முடிச்சூரில் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சி எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

● இந்தப் பட்டியலில் உள்ள துறையைச் சேர்ந்தவரின் விண்ணப்பம் வந்தால் வாஷிங்டனுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அந்த நடைமுறைக்கு 'விசாஸ் மாண்டிஸ்' என்று பெயர். தொடங்கிய ஆண்டு 1998. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அதில் கோப்புகள் குவிந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003-ன் சில மாதங்களை எடுத்து ஆராய்ந்தபோது, அறிவியல் மாணவர், ஆய்வாளர் ஒருவருக்குச் சராசரியாக 67 நாள் பிடித்தது தெரியவந்தது. அறிக்கை 2004 பிப்ரவரியில் வெளியானது. பல்கலைக்கழகங்கள் குரல் கொடுத்தன. அதே ஆண்டு நவம்பரில் சராசரி சுமார் 15 நாளாகக் குறைந்தது. சோதனையை யாரும் கைவிடவில்லை. ஆள் போட்டார்கள், துறைகளுக்கிடையே கோப்பு நகரும் முறையைச் சீர்செய்தார்கள், அவ்வளவுதான். பாதுகாப்பு என்றால் தாமதமாகத்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் அவரிடம் சொல்லுங்கள்.

● சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் இந்தக் கதையில் ஒருமுறை உலகச் செய்தியானது. 2006 பிப்ரவரியில் விசா நேர்காணலுக்கு அங்கே வந்தவர் கோவர்தன் மேத்தா. கரிம வேதியியலில் பெரிய பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக 1998 முதல் 2005 வரை இருந்தவர். அப்போது சர்வதேச அறிவியல் கவுன்சிலின் தலைவரும் அவரே. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. அமெரிக்கா அவருக்குப் புதிதல்ல, பலமுறை போய் வந்தவர். அவருடைய வேதியியல் ரசாயன ஆயுதம் செய்யப் பயன்படக்கூடும், அதை அவர் மறைக்கிறார் என்ற தொனியில் கேள்விகள் வந்ததாகவும், அது தன்னைப் புண்படுத்தியதாகவும் மேத்தா வெளிப்படையாகச் சொன்னார். அதிபர் புஷ் இந்தியா வரவிருந்த நேரம் அது. சில நாட்களில் அமெரிக்கத் தூதரகம் வருத்தம் தெரிவித்தது, விசா தரவும் முன்வந்தது. அவர் அந்தப் பயணத்தைக் கைவிட்டார்.

அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்காக நாடே பேசியது. பெருங்களத்தூரிலிருந்து பஸ் பிடித்து அதே வாசலுக்குப் போய், கையில் ஒரு 221-ஜி சீட்டோடு திரும்பி வரும் இருபத்தாறு வயது ஆராய்ச்சி மாணவிக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? இந்த விஷயத்தில் என்னை விடாமல் உறுத்துவது அதுதான்.

● அந்த 221-ஜி சீட்டு என்பது நிராகரிப்பின் முடிவான வார்த்தை அல்ல. சட்டப்படி "இப்போதைக்குத் தர முடியாது" என்ற நிலை. கூடுதல் தாள் கேட்கவும், கூடுதல் சோதனைக்கு அனுப்பவும் அதைக் கொடுக்கிறார்கள். ஆராய்ச்சியாளரிடம் வழக்கமாகக் கேட்பது தன்விவரம், வெளியான கட்டுரைகளின் பட்டியல், செய்யப்போகும் ஆராய்ச்சியின் விளக்கம், வழிகாட்டியின் விவரம். அந்த விளக்கத்தைச் சக விஞ்ஞானிக்கு எழுதுவதைப் போல எழுதாமல், பிளஸ் டூ படித்த ஒருவருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதை முதலில் படிப்பவர் உங்கள் துறைக்காரர் இல்லை.

● கல்பாக்கத்துக்கும் அமெரிக்க வர்த்தகத் துறைக்கும் நீண்ட கணக்கு ஒன்று இருந்தது. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்த பிறகு, கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமெரிக்காவின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியல் பொருள், கருவி ஏற்றுமதிக்கானது; மனிதர்களுக்குத் தடை போடும் பட்டியல் இல்லை. ஆனால் தன்விவரத்தில் கல்பாக்கம் என்ற பெயர் இருந்தால் அதிகாரி அங்கே நின்று படிப்பார். இஸ்ரோவின் துணை நிறுவனங்களும் டி.ஆர்.டி.ஓ.வும் 2011 ஜனவரியிலேயே பட்டியலிலிருந்து விடுபட்டன. கல்பாக்கம் விடுபட்டது எப்போது தெரியுமா? 2025 ஜனவரி 15. பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்திய அருமணல் ஆலையும் அன்றைக்குத்தான் நீக்கப்பட்டன. இடையில் ஓடியது 26 ஆண்டுகளுக்கு மேல். 1998-ல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் இருப்பார்.

● சென்னையில் 1936-ல் பிறந்து, சென்னையில் இயற்பியல் படித்து, அணுசக்தி ஆணையத்தின் தலைவரான ஆர். சிதம்பரத்துக்கும் 1998-ல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அவர் போக இருந்தது படிகவியல் அறிஞர்களின் சர்வதேசச் சங்கக் கூட்டத்துக்கு. அவர் மறைந்தது 2025 ஜனவரி 4. பட்டியலிலிருந்து கல்பாக்கம் நீங்கிய செய்தியைக் கேட்க அவருக்கு இன்னும் பதினோரு நாள் தேவைப்பட்டிருக்கும்.

● சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். லாஸ் அலமோஸ் அணுகுண்டுத் திட்டத்துக்கும் அவரை அழைத்தார்கள். பாதுகாப்பு அனுமதி வருவதற்குத் தாமதமாகிக்கொண்டே போனதால் அங்கே பணியாற்ற முடியாமல் போனது. அந்த நாட்களில் இந்தியர் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டத்தில் வழியே இல்லை. 1946-ல் வந்த லூஸ்-செல்லர் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர்கள் குடியேறலாம் என்றது. சந்திரசேகர் குடியுரிமை பெற்றது 1953-ல்.

● ஐன்ஸ்டைனுக்கும் இந்தச் சோதனை நடந்தது. 1932 டிசம்பரில் பெர்லின் அமெரிக்கத் துணைத் தூதரகம் அவரை உட்காரவைத்து அரசியல் தொடர்புகள் பற்றிக் கேள்வி கேட்டது. அமெரிக்காவில் ஒரு மகளிர் அமைப்பு, அவரை நாட்டுக்குள் விடக்கூடாது என்று 16 பக்கப் புகார் கொடுத்திருந்ததே காரணம். பிறகு பிரின்ஸ்டனில் பணியில் சேர்ந்தும், நிரந்தர வசிப்புரிமைக்கு நாட்டுக்கு வெளியே போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதற்காக 1935 மே மாதம் குடும்பத்தோடு கப்பலேறி பெர்முடா தீவுக்குப் போனார். அவர் குடிமகனானது 1940-ல். அதற்குப் பிறகும் எஃப்.பி.ஐ. அவரைப் பற்றிக் கோப்பு சேர்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அது 1,400 பக்கங்களைத் தாண்டியது.

● சரி, கோப்பு என்று சொல்கிறோமே, அதில் பெயர் எப்படிச் சிக்குகிறது? அமெரிக்காவின் பி.ஆரான கிரீன் கார்டுக்கு எஃப்.பி.ஐ. செய்யும் 'நேம் செக்' வெறும் குற்றவாளிப் பட்டியலைப் பார்ப்பது இல்லை. ஒரு வழக்கில் சாட்சி சொன்னவர், பாதிக்கப்பட்டவர், பேச்சுவாக்கில் குறிப்பிடப்பட்டவர் என்று எல்லோருடைய பெயரும் அந்தப் பதிவுகளில் உண்டு. பெயர் ஒத்துப்போனால் ஒரு மனிதர் அந்தக் கோப்பைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும். பழைய கோப்புகள் காகிதத்தில், பல ஊர் அலுவலகங்களில் கிடந்தன. 2002 கடைசியில் குடிவரவுத் துறை ஏற்கெனவே அனுப்பிய 27 லட்சம் பெயர்களை விரிவான தேடலுக்காக மறுபடி ஒரே மூச்சில் அனுப்பியது. ஆண்டுக்கணக்கில் தேங்கியது அங்கேதான். 2008 பிப்ரவரி 4-ல் ஒரு தீர்வு வந்தது: மற்ற எல்லாம் சரியாக இருந்து, பெயர்ச் சோதனை மட்டும் 180 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கிரீன் கார்டைக் கொடுத்துவிடலாம்.

● இங்கே தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: இனிஷியல். ஒருவரை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் கிருஷ்ணன், இவர் செந்தில்குமார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் கே. செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் ஏறி, செந்தில்குமார் கிருஷ்ணன். ஆராய்ச்சி இதழில் அது எஸ். கிருஷ்ணன் ஆகிவிடும். இன்னொரு இதழில் செந்தில், குமார் இரண்டும் பிரிந்து நிற்கும். இப்போது இவர் எழுதிய கட்டுரையைத் தேடும் அதிகாரிக்கு இவருடைய அப்பா பெயரில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் வாங்கியவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போதே அப்படி.

இதற்கு மருந்து, விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் காலியாக விடாமல் இருப்பதுதான். சான்றிதழ், பாஸ்போர்ட், கட்டுரை என்று எங்கெல்லாம் எப்படியெல்லாம் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறதோ அத்தனை வடிவத்தையும் அதில் எழுதுங்கள்.

● தாம்பரத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் அவர்களுடைய முகவரி மாறியிருக்கிறது! 2019 நவம்பர் 29 வரை தாம்பரம் இருந்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அன்று முதல் செங்கல்பட்டு மாவட்டம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாயின. போலீஸ் எல்லையும் மாறியது: 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனி கமிஷனரேட்.

ஆக, சிட்லபாக்கத்தில் ஒரே வீட்டில் வளர்ந்த பெண்ணின் பழைய பாஸ்போர்ட்டில் காஞ்சிபுரம் மாவட்டம், புதிய பாஸ்போர்ட்டில் செங்கல்பட்டு மாவட்டம், ஓர் ஆவணத்தில் பேரூராட்சி, இன்னொன்றில் மாநகராட்சி. ஒட்டாவாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது இரண்டு மூன்று வீடாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மாவட்டம் பிரிந்த தேதி, மாநகராட்சி அமைந்த தேதி இரண்டையும் சொல்லி, வீடு ஒன்றுதான் என்று நாலு வரி விளக்கக் கடிதம் இணைத்துவிட்டால் முடிந்தது.

● போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், அதாவது பி.சி.சி., வாங்க ஸ்டேஷனுக்கு நேரே போய் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டு பி.ஆருக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்றிதழ். ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி நேரம் வாங்கி, தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போனால் போதும். முகவரி மாறியிருந்தால் மட்டும், ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வர வாய்ப்பு அதிகம். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் உள்ள சேவா கேந்திரங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மகன் வெளிநாட்டில் இருந்தால் அவர் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா இங்கே வரிசையில் நின்று வாங்கித்தர முடியாது.

● ஒரு நாட்டின் பி.சி.சி. மட்டும் போதாது. கடந்த 10 ஆண்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கனடா சான்றிதழ் கேட்கிறது. ஆஸ்திரேலியாவின் கணக்கு மொத்தம் 12 மாதம். ஜெர்மனியில் பிஎச்.டி., ஜப்பானில் ஒரு வருடம், பிரான்ஸில் இரண்டு வருடம் என்று சுற்றிய போஸ்ட்-டாக் ஒருவர் மூன்று நாட்டுப் போலீஸுக்கும் மூன்று மொழியில் எழுத வேண்டிவரும். அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கும் வழியைக் கேட்டு வைத்துக்கொள்வதில் பாதி அலைச்சல் மிச்சம்.

● அமெரிக்காவின் குடியேற்ற விசா படிவம், 16 வயது முதல் நீங்கள் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் கேட்கும். ஹாஸ்டல் அறைகூட முகவரிதான். கனடா படிவம் 10 ஆண்டுக் கதையை இடைவெளி இல்லாமல் கேட்கும். பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்த நான்கு மாதத்தையும் 'வேலை இல்லை' என்று எழுதியாக வேண்டும். அதை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்கள் நிறைய. விடுபட்ட அந்த நான்கு மாதம்தான் பிறகு கேள்வியாகத் திரும்பி வருகிறது.

● அதே கனடா படிவம் நீங்கள் உறுப்பினராக இருந்த அமைப்புகளைக் கேட்கிறது: கட்சி, மாணவர் அமைப்பு, இளைஞர் மன்றம், தொழிற்சங்கம், தொழில்முறைச் சங்கம். கல்லூரித் தமிழ்ப் பேரவையும் நற்பணி மன்றமும் இந்த வரையறைக்குள் வரும். அரசுப் பதவி வகித்ததையும் தனியாகக் கேட்கிறது. அடையாறு ஆய்வகத்திலோ கல்பாக்கத்திலோ வேலை பார்த்தவர்கள் அதை இங்கே சொல்ல வேண்டும். ராணுவப் பணி என்ற கட்டத்தில் என்.சி.சி.யை எழுதலாமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 1948-ல் சட்டம் போட்டு அமைத்த என்.சி.சி.யில் சேர்ந்த மாணவருக்குப் போர்ப்பணிக்குச் செல்லும் கடமை கிடையாது. அதை அமைப்புகளின் வரிசையில், இன்ன பள்ளி, இன்ன ஆண்டு என்று சொல்லிவிடுவது மேல். மறைத்ததாகத் தோன்றும் ஒரு வரி, சொன்ன பத்து வரியைவிடக் கெடுதல் செய்யும்.

● பிரிட்டன் இந்தச் சோதனையைப் படிப்பின் வாசலிலேயே வைத்துவிட்டது. 'ஏட்டாஸ்' என்ற அனுமதி 2007 நவம்பரில் வந்தது. முதலில் மாணவர்களுக்கு மட்டும். 2021 மே முதல் ஆராய்ச்சிப் பணிக்கு வருபவர்களுக்கும். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், தென்கொரியா போன்ற நாட்டவருக்கு விலக்கு உண்டு. இந்தியருக்கு இல்லை. கட்டணம் கிடையாது. ஆராய்ச்சித் தலைப்பு மாறினால் புதிதாக வாங்க வேண்டும்.

● 2023 டிசம்பரில் கனடா பெடரல் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த மாணவர், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நுண்திரவவியலில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பித்திருந்தார். அவர் உளவு பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவருடைய அரசு அவரை உளவுக்குப் பயன்படுத்தக்கூடும் என்ற அடிப்படையில் அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு நியாயமானதே என்றது கோர்ட். உளவுக்கு எதிராக ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் செய்யாத காரியத்தை நாளைக்குச் செய்யக்கூடும் என்று கணித்து ஒருவரை வாசலில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், கனடா அரசு சீனா, ரஷ்யா, ஈரான் நாடுகளின் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டது. உணர்திறன் மிக்க தொழில்நுட்ப ஆராய்ச்சியில் அவற்றோடு தொடர்புடையவர்கள் இருந்தால் அரசு நிதி கிடைக்காது. அந்தப் பட்டியலில் இந்திய நிறுவனம் எதுவும் இல்லை.

● வெளிநாடுகளைப் பற்றியே பேசுகிறோம், நம் நாட்டில் என்ன நிலை? வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கென்று இந்தியாவில் பி.ஆர். கிடையாது. 2016-ல் கொண்டுவந்த நிரந்தர வசிப்பு நிலை, பெரும் பணம் முதலீடு செய்பவர்களுக்கானது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் நம்மவர்கள் நிலைமையும் எளிதல்ல. 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி, ஓ.சி.ஐ. அட்டைதாரர் இந்தியாவில் ஆராய்ச்சி செய்ய முன்கூட்டியே தனி அனுமதி பெற வேண்டும். தாம்பரத்தில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை எடுத்த பேராசிரியை ஒருவர் விடுமுறையில் பெற்றோரைப் பார்க்க வருவதற்குத் தடையில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மாதிரி எடுத்து ஆராய வேண்டுமென்றால் அவருக்கு அனுமதி வேண்டும்.

● கடைசியாக, காத்திருப்பு எல்லை மீறினால் என்ன வழி? அமெரிக்காவிலும் கனடாவிலும் கோர்ட்டுக்குப் போகலாம். நம் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டு, அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லி உத்தரவு கேட்கிறோமே, அதே மாண்டமஸ்தான். 'பி.ஆர். கொடு' என்று கோர்ட் சொல்லாது. 'ஏதாவது ஒரு முடிவைச் சொல்' என்று சொல்லும். கனடாவில் 1998-ல் வந்த ஒரு தீர்ப்பு மூன்று கேள்விகளை வகுத்தது. அந்த வேலைக்கு வழக்கமாக ஆகும் காலத்தைவிடத் தாமதம் அதிகமா? தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணம் இல்லைதானே? அரசு திருப்தியான காரணம் சொன்னதா? "பாதுகாப்புச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது திருப்தியான காரணம் ஆகாது என்று அந்த நாட்டு நீதிபதிகள் அதற்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் எழுதியிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகும் முன், கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டும் வாங்கலாம். கனடாவில் இருப்பவர் 5 டாலர் கட்டிக் கேட்கலாம், 'ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ்' என்று நம் பிள்ளைகள் அதைச் சொல்வார்கள். சோதனை எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்பது பல நேரங்களில் அதிலேயே இருக்கும்.